கேங்ஸ்டர்கள், வழிகாட்டிகள், அமெரிக்க ஆண்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த வரலாற்றை ஏன் 1899-ஆம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும்?

அந்த ஓர் ஆண்டில் நடந்த மூன்று நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடுத்த நூறு ஆண்டுகளில் அமெரிக்கா தன் ஆண்பிள்ளைகளைப் பற்றி எதையெல்லாம் விவாதிக்கப் போகிறது என்பது விளங்கிவிடும். ஜனவரி 17 அன்று, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், இத்தாலியிலிருந்து குடியேறிய முடிதிருத்துநர் ஒருவரின் வீட்டில், பிற்காலத்தில் நாடறிந்த கேங்ஸ்டரான அல் கபோன் பிறந்தார். ஏப்ரல் 10 அன்று, அப்போது நியூயார்க் மாநில ஆளுநராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் சிகாகோவின் ஹாமில்டன் கிளப்பில் பேசினார். சொகுசை உதறிவிட்டு, உழைப்பும் ஆபத்தும் போராட்டமும் நிறைந்த வாழ்க்கையை ஆண்கள் விரும்பித் தேட வேண்டும் என்பதே அந்தப் பேச்சின் சாரம். ஜூலையில், அதே சிகாகோ அடங்கிய குக் கவுண்டியில், நாட்டின் முதல் சிறார் நீதிமன்றம் திறக்கப்பட்டது. தவறு செய்த சிறுவனைப் பெரியவர்களோடு சேர்த்துச் சிறையில் தள்ளாமல், நன்னடத்தை அலுவலர் ஒருவரின் கண்காணிப்பில் விட்டு, பெற்றவர் இடத்தில் அரசே நிற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். லூசி ஃபிளவர், ஜூலியா லாத்ராப் போன்ற பெண்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்ற நீதிமன்றம் அது.

ஒரு சிறுவன் பிறக்கிறான். ஆண் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தலைவர் மேடையில் சொல்கிறார். தடம் மாறிய சிறுவனுக்குப் பக்கத்தில் யார் நிற்பது என்று ஒரு நீதிமன்றம் கேட்கிறது. இருபது ஆண்டுகள் கழித்து அந்தச் சிறுவனும் சிகாகோவுக்கே வந்து சேர்ந்தார்.

'ஆண்மை' என்ற சொல்லுக்கு இங்கே என்ன பொருள்?

தமிழில் இந்தச் சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் உண்டு. பிறன்மனை நோக்காத அடக்கத்தை வள்ளுவர் பேராண்மை என்கிறார். களத்தில் அஞ்சாத தறுகண்மையையும் அதே சொல்லால்தான் குறிக்கிறார். அமெரிக்காவில் நடந்த மாற்றத்தை இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியாகவே பார்க்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அங்கிருந்த நடுத்தர வர்க்கம் முதல் பொருளைத்தான் உயர்வாக மதித்தது. சொன்ன சொல் தவறாமல், கோபத்தை அடக்கி, கடன் இல்லாமல், குடும்பத்தைத் தாங்குகிறவனே முழு ஆண் எனப்பட்டான். நூற்றாண்டின் இறுதியில் தராசு இரண்டாம் பொருளின் பக்கம் சாய்ந்தது.

அதற்குக் காரணங்கள் இருந்தன. சொந்த நிலமோ கடையோ வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் எழுத்தர்கள் ஆனார்கள். மேற்கே நகர்ந்துகொண்டே இருந்த குடியேற்ற எல்லை இனி இல்லை என்பதை 1890-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளிப்படுத்தியது. உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட தலைமுறை முதுமை அடைந்துகொண்டிருந்தது. அவர்களின் மகன்கள் போரைப் பார்த்ததே இல்லை. தாங்கள் மென்மையாகிவிட்டோமோ என்ற அச்சம் அவர்களைக் குத்துச்சண்டைக்கும், கால்பந்துக்கும், உடற்பயிற்சிக் கூடத்துக்கும், வேட்டைக்கும் அனுப்பியது. ரூஸ்வெல்ட்டின் பேச்சு விழுந்தது இந்த மண்ணில்தான்.

கேங்ஸ்டர் எப்படி ஒரு சிறுவனுக்கு வழிகாட்டி ஆனார்?

பக்கத்தில் இருந்ததால் ஆனார். இந்தக் காரணம் மிகவும் எளிதாகத் தோன்றுவதாலேயே பலரும் இதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

புரூக்ளினில் ஜானி டோரியோ என்ற கேங்ஸ்டர் வைத்திருந்த அலுவலகம் கபோன் குடும்பம் வசித்த தெருக்களுக்கு அருகில் இருந்தது. அக்கம்பக்கத்துச் சிறுவர்களுக்கு அவர் சின்னச் சின்ன எடுபிடி வேலைகள் கொடுத்தார். வேலை முடிந்ததும் கையில் காசு கொடுத்தார். கபோன் 14 வயதில், ஆசிரியரோடு கைகலப்பு ஏற்பட்டதால், பள்ளியை விட்டு நின்றுவிட்டார். அப்படி நின்ற ஒரு சிறுவனிடம் 'நீ எதற்கு லாயக்கு?' என்று கேட்காமல், 'இதைக் கொண்டுபோய் அங்கே கொடுத்துவிட்டு வா' என்று சொன்ன பெரியவர் அந்தத் தெருவில் டோரியோதான்.

குடியேறிகளின் வீடுகளில் இன்னொரு சிக்கலும் இருந்தது. தகப்பனுக்கு ஆங்கிலம் அரைகுறை. மகனுக்கு அது தெருவிலேயே வந்துவிட்டது. வீட்டு உரிமையாளரிடமும் அலுவலகத்திலும் தகப்பனுக்காக மகன் பேச வேண்டியிருந்தது. அந்த நொடியில் தகப்பனின் குரல் சிறுத்துப்போவதை மகன் பார்த்தான். உழைத்துக் களைத்து, யாரிடமும் தலைகுனிந்து வாழும் தகப்பன் ஒரு பக்கம். இஸ்திரி மடிப்புக் குலையாத கோட்டுடன், காவலர்களே வணக்கம் சொல்லும் மனிதர் மறுபக்கம். 'அமெரிக்க ஆண்' என்பவர் யார் என்று அந்தச் சிறுவனுக்கு எவரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

சீர்திருத்தவாதிகளும் சும்மா இருக்கவில்லை. 1904-ல் நியூயார்க் சிறார் நீதிமன்றத்தின் எழுத்தரான எர்னஸ்ட் கோல்ட்டர், வசதியான ஆண்கள் கூடியிருந்த ஒரு கூட்டத்தில், நீதிமன்றத்துக்கு வரும் சிறுவர்களில் ஆளுக்கு ஒருவனுக்கு நண்பராக இருக்க முடியுமா என்று கேட்டார். 40 பேர் முன்வந்தார்கள். இன்று நாடு முழுவதும் இயங்கும் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பின் வேர்களில் ஒன்று அந்தக் கூட்டம். 1910-ல் அமெரிக்க பாய் ஸ்கவுட்ஸ் என்ற சாரணர் அமைப்பு தொடங்கியது. இவை நல்ல முயற்சிகள். இவற்றால் பயன் பெற்றவர்கள் ஏராளம். ஆனால் அந்தக் கனவான்கள் வேறு பகுதியிலிருந்து குறித்த நாளில் வந்து போனார்கள். தெருமுனையில் இருந்தவர் தினமும் அங்கேயே இருந்தார்.

கேங்ஸ்டரை வழிகாட்டி என்று சொல்வது அவரைப் புகழ்வது ஆகாதா?

ஆகாது. டோரியோவின் முக்கிய வருமானங்களில் ஒன்று விபசார விடுதிகள். அங்கிருந்த பெண்களின் வாழ்க்கை சிதைந்துதான் அந்தக் கோட்டும் தொப்பியும் வந்தன. வழிகாட்டி என்ற சொல் ஒருவர் காட்டும் வழி நல்லதென்று உறுதி கூறுவதில்லை. ஒரு சிறுவன் யாரைப் பார்த்து நடக்கவும் உடுத்தவும் பேசவும் அடங்கவும் கற்றுக்கொள்கிறானோ அவரே அவனுக்கு வழிகாட்டி. இதை ஒப்புக்கொள்ள மறுத்தால், அந்தச் சிறுவர்கள் ஏன் போனார்கள் என்பதும் புரியாது, அவர்களை மீட்டவர்கள் எப்படி மீட்டார்கள் என்பதும் புரியாது.

டோரியோ கபோனுக்குக் கற்றுக்கொடுத்தது வன்முறையையா?

பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். டோரியோவைப் பற்றிய பதிவுகள் காட்டும் மனிதர் வேறு. 1882-ல் தென் இத்தாலியில் பிறந்து, குழந்தையாக நியூயார்க்குக்கு வந்தவர்; உருவத்தில் சிறியவர், தணிந்த குரலில் பேசுபவர். குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார் என்று அவரை அறிந்தவர்கள் சொன்னார்கள். மாலை ஆனதும் வீட்டுக்குப் போய் மனைவி அன்னாவுடன் சீட்டாடுவதும் இசை கேட்பதும் அவருடைய வழக்கம். அதாவது, முந்திய நூற்றாண்டின் நடுத்தர வர்க்கம் எந்த அடக்கத்தை ஆண்மை என்று போற்றியதோ, அதே அடக்கத்தை அப்படியே எடுத்துக் குற்றத் தொழிலுக்கு மூலதனம் ஆக்கியவர் அவர். எனக்கு அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் உறுத்துவது இதுதான்: நற்பண்பு என்று நாம் கருதும் ஒன்று எதற்கு வேண்டுமானாலும் வேலைக்காரன் ஆகக்கூடும்.

சிகாகோவில் 'பிக் ஜிம்' கொலோசிமோ என்ற கேங்ஸ்டரின் தொழிலைக் கவனித்துக்கொள்ளச் சென்ற டோரியோ, பின்னர் கபோனையும் அங்கே வரவழைத்தார். 1920 ஜனவரி 17 அன்று நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அன்று கபோனுக்கு 21-ஆவது பிறந்தநாள். அதே ஆண்டு மே 11 அன்று கொலோசிமோ தன்னுடைய உணவகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். எவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. அதன்பின் டோரியோ செய்தது ஒரு வணிகரின் வேலை. கும்பல்களை அழைத்து உட்காரவைத்து, நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒருவர் எல்லைக்குள் மற்றவர் பீர் விற்கக் கூடாது என்று ஒப்பந்தம் செய்தார். சண்டை போட்டால் செலவு, சமாதானமாக இருந்தால் லாபம் என்பதே அவர் கற்றுக்கொடுத்த பாடம்.

அந்தப் பாடத்தை அவராலேயே காப்பாற்ற முடியவில்லை. 1924 நவம்பரில் எதிரணித் தலைவர் டீன் ஓ'பேனியன் தன் பூக்கடையில் கொல்லப்பட்டார். 1925 ஜனவரி 24 அன்று, மனைவியுடன் கடைக்குப் போய்விட்டு வீட்டு வாசலில் வந்து இறங்கிய டோரியோவைச் சுட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார், சுட்டவர்களின் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார், ஏற்கெனவே இருந்த மதுவிலக்கு வழக்கில் சிறைக்குப் போனார், பிறகு எல்லாவற்றையும் 26 வயதுச் சீடரிடம் ஒப்படைத்துவிட்டு நகரத்தை விட்டே வெளியேறினார். 1957-ல், புரூக்ளினில், முடிதிருத்தும் நாற்காலியில் அமர்ந்திருந்தபோது மாரடைப்பு வந்து இறந்தார்.

குருவைப் போல் கபோன் ஏன் மறைவாக வாழவில்லை?

காலம் மாறியிருந்தது. 1920-களில் செய்தித்தாள், வானொலி, திரைப்படம் மூன்றும் சேர்ந்து பிரபலம் என்ற புதுவகை மனிதரை உருவாக்கின. ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைவிட எப்படித் தோன்றுகிறார் என்பது பெரிதானது. கபோன் அதற்கென்றே பிறந்தவர் போல இருந்தார். பளிச்சென்ற நிறங்களில் கோட்டு, விரலில் வைர மோதிரம், குத்துச்சண்டைப் போட்டியின் முன்வரிசை இருக்கை, நிருபர்களுக்குத் தாராளமான பேட்டி. 1930 மார்ச் 24 தேதியிட்ட 'டைம்' இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. அந்த ஆண்டே, பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்தவர்களுக்காக அவர் சிகாகோவில் இலவச உணவுக்கூடம் ஒன்றை நடத்தினார். அதற்கு முந்திய ஆண்டு காதலர் தினத்தன்று ஒரு வண்டிக் கொட்டகையில் ஏழு பேரைச் சுவரோடு நிறுத்திச் சுட்டுக் கொன்றது அவருடைய ஆட்களே என்று பரவலாக நம்பப்பட்டது. அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

அவருடைய முகத்தைக் கொஞ்சம் அருகில் பார்க்க வேண்டும். இடது பக்கத்தில் மூன்று வெட்டுத் தழும்புகள். 1917-ல் கோனி தீவின் மதுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தபோது ஒரு பெண்ணிடம் அவர் அநாகரிகமாகப் பேச, அவளுடைய அண்ணன் கத்தியால் கீறியதால் வந்தவை. பிற்காலத்தில் அவர் அவற்றின் மேல் பவுடர் பூசினார். புகைப்படக்காரர்களுக்கு வலது கன்னத்தைக் காட்டினார். முதல் உலகப் போரில் பிரான்சில் பட்ட காயங்கள் என்று சொல்லிக்கொண்டார். அவர் போருக்கே போனதில்லை. ஒரு நகரத்தையே அச்சத்தில் வைத்திருந்தவருக்கு, போர்வீரனின் தழும்பு என்ற மரியாதை தேவைப்பட்டது. சட்டத்துக்கு வெளியே வாழ்ந்தாலும், ரூஸ்வெல்ட் மேடையில் வரைந்து காட்டிய ஆணாகத்தான் அவரும் தெரிய விரும்பினார்.

1931 அக்டோபரில் வரி ஏய்ப்புக்காக அவருக்கு 11 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. 1934-ல் அல்காட்ராஸ் தீவுச் சிறைக்கு மாற்றப்பட்டார். மேகநோய் (சிபிலிஸ்) மூளையைத் தின்றுவிட்ட நிலையில் 1939-ல் வெளியே வந்து, 1947-ல் ஃபுளோரிடாவில் 48 வயதில் இறந்தார்.

அதே வீட்டில் வளர்ந்த மற்ற பிள்ளைகளும் இதே வழியில்தான் போனார்களா?

சகோதரர்களில் சிலர் கூடவே போனார்கள். மூத்தவர் வின்சென்சோவின் கதை முற்றிலும் வேறு. 1892-ல் இத்தாலியில் பிறந்த அவர் பதின்ம வயதில் வீட்டை விட்டு ஓடி, சர்க்கஸில் சேர்ந்து, மேற்கே சென்றார். அப்போது ஊமைப் படங்களில் நேர்மையான கௌபாயாக வில்லியம் எஸ். ஹார்ட் என்ற நடிகர் புகழ்பெற்றிருந்தார். வின்சென்சோ அந்த நடிகரின் பெயரையே எடுத்துக்கொண்டு ரிச்சர்டு ஹார்ட் ஆனார். நெப்ராஸ்காவில் ஹோமர் என்ற சிற்றூரில் குடியமர்ந்து, மதுவிலக்கு அதிகாரியாக வேலைக்குச் சேர்ந்தார். அகலமான தொப்பி, இடுப்பின் இரு பக்கமும் துப்பாக்கி. மக்கள் வைத்த பெயர் 'டூ-கன்' ஹார்ட். தம்பி சிகாகோவில் சாராயம் விற்ற அதே ஆண்டுகளில் அண்ணன் நெப்ராஸ்காவில் சாராய அடுப்புகளை உடைத்துக்கொண்டிருந்தார். அவர் யார் என்பது 1950-களின் தொடக்கத்தில்தான் நாட்டுக்குத் தெரியவந்தது.

தம்பி தெருவில் நின்ற ஒரு மனிதரைப் பார்த்து ஆணாகக் கற்றார். அண்ணன் திரையில் வந்த ஒரு முகத்தைப் பார்த்துக் கற்றார். முடிதிருத்தும் தகப்பனைப் பார்த்து ஆண் என்றால் இவர் என்று இருவருக்குமே தோன்றவில்லை. அது அந்தத் தகப்பனின் குறை அல்ல. உழைத்துச் சாப்பிட்ட அந்த மனிதரை ஆண்மைக்கு எடுத்துக்காட்டாக எந்த மேடையும் எந்தத் திரையும் காட்டவில்லை.

ஆர்னால்டு ரோத்ஸ்டீன் ஏன் முக்கியம்?

அடுத்த தலைமுறைக்கு நாகரிகம் கற்பித்தவர் அவர். நேர்மைக்குப் பெயர்பெற்ற யூத வணிகர் ஒருவரின் மகனான ரோத்ஸ்டீன், நியூயார்க்கில் சூதாட்டத்தையும் சாராயக் கடத்தலையும் கணக்குப் புத்தகம் போல நடத்தினார். சிசிலியிலிருந்து வந்த லக்கி லூசியானோவும், அன்றைய ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த மேயர் லான்ஸ்கியும் அவரிடம் கற்றுக்கொண்டவர்கள். எப்படி உடுத்துவது, பணக்காரர்கள் கூடும் இடத்தில் எப்படிப் பழகுவது, இத்தாலியன் யூதன் என்று பார்க்காமல் கூட்டாளியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பவை அவர் சொல்லிக்கொடுத்த பாடங்கள். பழைய நாட்டின் குலப்பகையை விட்டுவிட்டுப் பெருநிறுவன மேலாளரைப் போல நடந்துகொள்ளும் புதுவகைக் குற்றவாளி உருவானது இப்படித்தான். ரோத்ஸ்டீன் 1928 நவம்பரில் ஒரு விடுதியில் சுடப்பட்டு, இரண்டு நாள் கழித்து இறந்தார்.

இந்த உலகில் பெண் வழிகாட்டிகள் இருந்ததில்லையா?

இருந்தார்கள். நியூயார்க்கின் ஹார்லெமில் 'நம்பர்ஸ்' என்ற எண் சூதாட்டத்தை நடத்திய ஸ்டெஃபனி செயின்ட் கிளேர், கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினப் பெண். காவல்துறை லஞ்சம் வாங்குவதைச் செய்தித்தாளில் காசு கொடுத்து விளம்பரமாகவே வெளியிட்டார். விசாரணை ஆணையத்தின் முன் சாட்சியும் சொன்னார். வெள்ளையினக் கேங்ஸ்டர் டட்ச் ஷுல்ட்ஸ் ஹார்லெமின் சூதாட்டத்தைப் பறிக்க வந்தபோது அவரை எதிர்த்து நின்றார். அந்தச் சண்டையில் செயின்ட் கிளேரின் தளபதியாக இருந்தவர்தான் பிற்காலத்தில் ஹார்லெமின் பெரும்புள்ளியான 'பம்பி' ஜான்சன். 1935-ல் சுடப்பட்டு மரணப் படுக்கையில் கிடந்த ஷுல்ட்ஸுக்கு 'விதைத்ததையே அறுப்பாய்' என்று அவர் தந்தி அனுப்பியதாகப் பதிவாகியிருக்கிறது. ஆண்மையின் பள்ளி என்று ஆண்கள் பேசிக்கொண்ட இடத்தில் ஒரு பெண் தலைமையாசிரியராக இருந்தார் என்பதைக் கேங்ஸ்டர் கதைகள் பல காலம் சொல்லாமலே விட்டுவிட்டன.

திரைப்படங்களின் பங்கு என்ன?

1931, 1932 ஆண்டுகளில் வந்த கேங்ஸ்டர் படங்கள் பெருமந்தத்தால் துவண்ட ஆண்களுக்கு, யாருக்கும் அடங்காமல் வாழ்ந்து சாகும் நாயகனைக் கொடுத்தன. சிறுவர்கள் கெட்டுப்போகிறார்கள் என்ற எதிர்ப்பு வலுத்து, 1934-லிருந்து திரைத்துறையின் தணிக்கை விதிகள் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தன. நம் பொருளுக்கு மிக நெருக்கமானது 1938-ல் வந்த 'ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ்'. சேர்ந்து திருடிய இரண்டு சிறுவர்களில் ஓட முடியாமல் மாட்டிக்கொண்டவன் கேங்ஸ்டர் ஆகிறான். தப்பியவன் பாதிரியார் ஆகிறான். தெருப் பையன்கள் கேங்ஸ்டரையே தெய்வமாகப் பார்க்கிறார்கள். மின் நாற்காலிக்குப் போகும் நண்பனிடம் பாதிரியார் கேட்கும் கடைசி உதவி, கோழையைப் போல அழுது சாக வேண்டும் என்பது. அப்போதுதான் அந்தப் பையன்கள் அவனைப் பின்பற்ற மாட்டார்கள். உயிரைவிடப் பெரிதாக ஒரு ஆணிடம் எதைக் கேட்க முடியும் என்பதற்கு அன்றைய அமெரிக்கா கொடுத்த பதில் அந்தக் காட்சி.

1950-களில் என்ன மாறியது?

கேங்ஸ்டர் வரவேற்பறைக்குள் வந்தார். குற்றக் கும்பல்களைப் பற்றி ஆராய்ந்த, செனட்டர் கெஃபாவர் தலைமையிலான குழுவின் விசாரணை 1951 மார்ச்சில் நியூயார்க்கில் நடந்தபோது அது தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. தன் முகத்தைக் காட்டக் கூடாது என்று நியூயார்க் கேங்ஸ்டர் ஃபிராங்க் காஸ்டெல்லோ மறுத்ததால், கேமரா அவருடைய கைகளை மட்டும் காட்டியது. நடுங்கி, பிசைந்துகொண்டு, மேசையைத் தட்டிக்கொண்டிருந்த அந்தக் கைகளை நாடே பார்த்தது. நாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது, வரி கட்டினேன் என்றார்.

மேலும் ஒரு செய்தி உண்டு. காஸ்டெல்லோ 1940-களின் பிற்பகுதியில் ஒரு மனநல மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தார். அது செய்தித்தாள்களில் வெளியானது. அஞ்சாத மனிதர் எனப்பட்டவருக்கும் தூக்கமில்லாத இரவுகள் இருந்தன. அந்தக் காலத்தில் இது ஒரு அவமானச் செய்தி. 1999-ல் தொடங்கிய 'தி சோப்ரானோஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரில் ஒரு கேங்ஸ்டர் மனநல மருத்துவர் முன் உட்காருவதே மையக் கதையானது. பார்த்தவர்கள் அவரிடம் தங்களையே கண்டார்கள். ஐம்பது ஆண்டுகளில், ஆண் தன் அச்சத்தை வாய்விட்டுச் சொல்வதை அமெரிக்கா காது கொடுத்துக் கேட்கத் தொடங்கியிருந்தது.

கேங்ஸ்டர் உலகிலிருந்து வந்து, ஆண்மைக்கு வேறு பொருள் கொடுத்தவர் எவரேனும் உண்டா?

பிற்காலத்தில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பேசிய தலைவர் மால்கம் எக்ஸ். ஆறு வயதில் தகப்பனை இழந்தவர். பதின்ம வயதில் பாஸ்டனுக்கும் ஹார்லெமுக்கும் வந்து, 'டெட்ராய்ட் ரெட்' என்ற பெயரில் போதைப்பொருள் விற்றும் திருடியும் வாழ்ந்தார். அவருடைய தன்வரலாறு சொல்வதன்படி, அன்று அவர் மதித்த பெரியவர்களில் ஒருவர் 'வெஸ்ட் இண்டியன் ஆர்ச்சி'. சூதாட்ட எண்களை ஒரு தாளில்கூட எழுதாமல், வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் எண்ணையும் மனத்திலேயே வைத்திருந்த மனிதர். பந்தயப் பணம் 300 டாலர் தொடர்பாக இருவருக்கும் தகராறு வந்தது. யார் சொன்னது சரி என்பது சீக்கிரமே முக்கியம் இல்லாமல் போனது. இருவரும் துப்பாக்கி வைத்திருந்தார்கள், ஹார்லெமே பார்த்துக்கொண்டிருந்தது, பின்வாங்குகிறவர் அத்தோடு ஆண் இல்லை. மால்கமை நண்பர் ஒருவர் பாஸ்டனுக்கு அழைத்துப் போனதால் இருவரும் உயிர் தப்பினார்கள். அந்த நினைவாற்றல் கணிதத்துக்குப் போயிருக்க வேண்டியது என்று பிற்காலத்தில் மால்கம் வருந்தினார்.

1946-ல் திருட்டு வழக்கில் சிறை. சார்ல்ஸ்டவுன் சிறையில் பிம்பி என்ற முதிய கைதியைச் சந்தித்தார். கைதிகள் மட்டுமல்லாமல் காவலர்களும் வந்து நின்று அவர் பேச்சைக் கேட்பார்கள். கத்தியோ காசோ இல்லாமல் சொற்களாலேயே முழு மரியாதையையும் பெற்ற ஒருவரை மால்கம் வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்தார். பிம்பி அவரிடம் சொன்னது சிறிய விஷயம்தான்: உனக்கு மூளை இருக்கிறது, சிறையில் நூலகமும் அஞ்சல்வழிப் பாடமும் இருக்கின்றன, பயன்படுத்திக்கொள்.

பின்னர் நார்ஃபோக் சிறையில், அகராதியின் முதல் பக்கத்தைக் கோடு போட்ட தாளில், நிறுத்தற்குறிகள் உட்பட, தன் கோணல் எழுத்தில் அப்படியே எழுதினார். ஒரு நாள் முழுவதும் ஆனது. மறுநாள் காலை அந்தச் சொற்கள் நினைவில் இருப்பது தெரிந்ததும் அடுத்த பக்கத்துக்குப் போனார். இரவு பத்து மணிக்கு விளக்கு அணைந்த பிறகு, தாழ்வாரத்து விளக்கின் வெளிச்சம் அறைக்குள் விழும் இடத்தில் தரையில் உட்கார்ந்து படிப்பார். மணிக்கு ஒருமுறை காவலர் நடந்து வரும் ஓசை கேட்கும்போது படுக்கையில் தாவிப் படுத்துத் தூங்குவதுபோல் இருப்பார். அவர் கடந்து போனதும் மீண்டும் தரைக்கு வந்து, அடுத்த 58 நிமிடங்கள். ஆர்ச்சியும் பிம்பியும் ஒரே இளைஞனைத்தான் பார்த்தார்கள். அவனுக்கு முன்னால் அவர்கள் வைத்த ஆண்மை வேறு வேறு.

இன்றைய தெருக் கும்பல்களில் மூத்தவர்களின் இடம் என்ன?

ஃபிலடெல்ஃபியாவின் கறுப்பினக் குடியிருப்புகளில் 'ஓல்ட் ஹெட்' என்று ஒரு சொல் உண்டு. நிலையான வேலையும் குடும்பமும் தேவாலயமும் உள்ள நடுவயது ஆண். தெருவில் நிற்கும் இளைஞர்களிடம் உரிமையோடு பேசி, வேலைக்குச் சேர்த்துவிட்டு, பொறுப்பைக் கற்றுக்கொடுப்பவர். தொழிற்சாலைகள் மூடப்பட்டபோது அவர் வாங்கித் தரக்கூடிய வேலையும் போனது. வேலை போனதும் அவர் பேச்சுக்கான மதிப்பும் போனது. அவர் நின்ற முனையில் போதைப்பொருள் விற்றுக் காசு பார்த்த இளவயதுக்காரன் வந்து நின்றான். தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் கிரிப்ஸ் கும்பலை உருவாக்கிய ரேமண்ட் வாஷிங்டனும் ஸ்டான்லி 'டூக்கி' வில்லியம்ஸும் 1971-ல் சந்தித்தபோது, இருவருமே பதின்ம வயது இளைஞர்கள். வாஷிங்டன் 1979-ல் கொல்லப்பட்டார். நான்கு கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற வில்லியம்ஸ், தான் அவற்றைச் செய்யவில்லை என்று இறுதிவரை சொன்னவர், கும்பலில் சேராதீர்கள் என்று சிறையிலிருந்தே குழந்தைகளுக்குப் புத்தகங்கள் எழுதினார். 2005 டிசம்பர் 13 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டது.

கேங்ஸ்டரின் இடத்தை வேறு ஒருவர் எடுத்துக்கொள்ள முடியும் என்பதற்குச் சான்று உண்டா?

உண்டு. அப்படி வென்றவர்கள் பெரும்பாலும் கேங்ஸ்டரின் வழிமுறையையே கடன் வாங்கியவர்கள்: தினமும் அங்கேயே இருப்பது, வேலை கொடுப்பது, பெயர் சொல்லி அழைப்பது. 1930-களில் சமூகவியலாளர் கிளிஃபர்டு ஷா சிகாகோவில் தொடங்கிய திட்டத்தில், வெளியிலிருந்து நல்லவர்களை அழைத்து வராமல், அந்தத் தெருவிலேயே வளர்ந்தவர்களையும் சிறையிலிருந்து திரும்பியவர்களையும் இளைஞர்களோடு பழகும் பணியில் அமர்த்தினார்கள். லாஸ் ஏஞ்சலஸில் இயேசு சபைப் பாதிரியார் கிரெகரி பாயில் 1988-ல் தொடங்கிய முயற்சி, 1992-ல் ஒரு ரொட்டி அடுமனையைத் திறந்து, 'ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ்' என்று வளர்ந்தது. முன்பு ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட கும்பல்களின் ஆட்கள் அங்கே ஒரே மேசையில் மாவு பிசைகிறார்கள். முகத்திலும் கழுத்திலும் குத்திய கும்பல் பச்சையை இலவசமாக அழித்துக்கொள்கிறார்கள்.

சிகாகோவில் 2001-ல் தொடங்கிய 'பிகமிங் எ மேன்' என்ற திட்டம் பள்ளி நேரத்திலேயே வாரம் ஒருமுறை பையன்களை ஆலோசகர் ஒருவரோடு வட்டமாக உட்காரவைக்கிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தபோது, திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் 45 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தன. திட்டம் முடிந்த பிறகு அந்தக் குறைவு அதே அளவில் நீடிக்கவில்லை. கூடவே இருக்கிறவர் விலகினால் பாடமும் மங்குகிறது.

அந்த வட்டத்தில் அப்படி என்னதான் நடக்கிறது?

தொடக்கத்திலேயே வரும் ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். பையன்களை இரண்டு இரண்டு பேராகப் பிரிக்கிறார்கள். ஒருவன் கையில் ஒரு பந்து. ஆலோசகர் மற்றவனிடம், 30 விநாடிக்குள் அவனுடைய மூடிய கையிலிருந்து அந்தப் பந்தை எடு என்கிறார். உடனே அறை முழுவதும் இழுபறி. விரல்களைப் பிரிக்கிறார்கள், மணிக்கட்டை முறுக்குகிறார்கள், தரையில் உருளுகிறார்கள். நேரம் முடிகிறது. பின்னர் இருவரும் இடம் மாறிக்கொள்ள, அதே கூத்து மறுபடியும் நடக்கிறது.

எல்லோரும் மூச்சு வாங்கி உட்கார்ந்ததும் ஆலோசகர் கேட்கிறார்: பந்தைக் கொடு என்று ஏன் ஒருவரும் கேட்கவில்லை? கேட்டால் கொடுத்திருக்க மாட்டான் என்கிறான் ஒருவன். கேட்டால் என்னைத் தொடைநடுங்கி என்று நினைத்திருப்பான் என்கிறான் இன்னொருவன். ஆலோசகர் பந்தை வைத்திருந்தவன் பக்கம் திரும்பி, அவன் கேட்டிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்கிறார். பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்.

"கொடுத்திருப்பேன். வெறும் பந்துதானே."